மார்ச் 31க்குப் பிறகு அந்தப் பணம் எங்கே போகிறது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராணுவத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பல ஆயிரம் கோடி செலவாகாமல் திரும்பிப் போனது என்று செய்தி வருகிறது. இன்னொரு பக்கம் நம் ஊர் பருந்து கடற்படைத் தளத்தின் ஓடுபாதையை நீட்டப் போவதாக வருடக்கணக்கில் பேச்சு மட்டும் நடக்கிறது. பணம் இருக்கும்போது வேலை ஏன் நகரவில்லை? மீதியை ஒரு தனி நிதியில் போட்டு வைத்து அடுத்த வருடம் எடுத்துக்கொண்டால் என்ன?"

தம்பி, நான் பாதுகாப்புத் துறைக் கணக்குப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீடு உச்சிப்புளியில். காலையில் பருந்து தளத்திலிருந்து விமானம் கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். அதனால் இது எனக்கு டெல்லி விவகாரமாகப் படவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். "பணம் திரும்பிப் போனது" என்கிறோமே, உண்மையில் அங்கே காலாவதியானது ஓர் அனுமதி. அரசியலமைப்பின் 266ஆவது பிரிவுப்படி, வரியும் கடனும் வந்து சேரும் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து, சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றம் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு செலவுக்கும் அமைச்சகங்கள் கேட்கும் தொகைகளை ஏற்று, 114ஆவது பிரிவின்படி நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் போடுகிறது. "இந்த வேலைக்கு இந்த வருடம் இவ்வளவு வரை எடுத்துக்கொள்" என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். மார்ச் 31 நள்ளிரவோடு அந்த அனுமதி செத்துவிடும். அலுவலகத்தில் இதை "லாப்ஸ்" என்போம். லாப்ஸ் ஆவதற்கு முன்பே நாமாக எழுதிக் கொடுத்தால் "சரண்டர்". இரண்டிலும் பெட்டியில் இருந்த ரூபாய் எதுவும் இடம் மாறுவதில்லை. மத்திய அரசு வரி வருமானம் போதாமல் வருடம் முழுக்கக் கடன் வாங்கித்தான் நடக்கிறது. ராணுவம் 10,000 கோடி செலவழிக்கவில்லை என்றால், அரசு அந்த 10,000 கோடியைக் கடன் வாங்காமல் விட்டிருக்கும், இல்லையென்றால் வேறு துறைக்குத் திருப்பியிருக்கும். "மீதியைப் போட்டு வைக்கலாமே" என்று கேட்கும்போது, போட்டு வைக்க அங்கே மூட்டை எதுவும் இல்லை என்பது முதலில் மனதில் பதிய வேண்டும்.

ஒரு கணக்கைப் பார். 2024-25 பட்ஜெட்டில் ராணுவத்தின் மூலதனச் செலவுக்கு, அதாவது கப்பல், விமானம், பீரங்கி, நிலம், கட்டுமானம் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து, 1.72 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வருடம் முடிவதற்கு முன் கணக்கை மறுபடி பார்த்துப் போடும் திருத்திய மதிப்பீட்டில் அது 1.595 லட்சம் கோடியாக இறங்கியது. 12,500 கோடி குறைவு. நீ படித்த செய்தி இதையொட்டி வந்ததாகவே இருக்கலாம். ஆனால் அதே வருடத்தில்தான் பாதுகாப்பு அமைச்சகம் 193 ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. அவற்றின் மொத்த மதிப்பு 2,09,050 கோடி ரூபாய். ஒரு வருடத்துக்கான முழு ஒதுக்கீட்டை விடவும் அதிகம்! இவ்வளவு பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட்ட அதே வருடத்தில் எப்படி 12,500 கோடி செலவாகாமல் இருக்கும்? இந்த முடிச்சு அவிழ்ந்தால் உன் மற்றக் கேள்விகளும் அவிழ்ந்துவிடும்.

இதற்கு நம் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. விசைப்படகு கட்டும் ஓடாவியிடம் ஒருவர் பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள். முழுத் தொகையையும் அன்றே யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை. கை முன்பணம் கொஞ்சம். ஏராக்கட்டை என்ற அடிமரத்தை வைத்துப் பூசை போட்டதும் ஒரு பங்கு. வங்கு என்ற விலாச் சட்டங்களை நிறுத்தியதும் ஒரு பங்கு. பலகை அடைத்து முடித்ததும் இன்னொன்று. இன்ஜின் ஏற்றிக் கடலில் இறக்கி ஓட்டிப் பார்த்த பிறகு கடைசி. இன்ஜின் வர இரண்டு மாதம் தாமதமானால் கடைசிப் பங்கும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். முதலாளி கையில் பணம் தயாராக இருக்கும், ஓடாவியும் வேலையை விட்டுப் போயிருக்கமாட்டார், ஆனாலும் பணம் கைமாறாது. கைமாறவும் கூடாது. வேலை முடியாமல் பங்கு கொடுத்துவிட்டால் படகு கரையிலேயே கிடந்துவிடும் என்று தெரியாத சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, நம் பக்கம் கிடையாது.

இப்போது ஓடாவியிடம் அந்த முதலாளி வந்து, "என் கையில் இருக்கும் பணத்துக்கு மார்ச் 31 வரைதான் உயிர். அதற்குள் வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் ஏப்ரலில் நான் திரும்ப எல்லாரிடமும் முதலிலிருந்து அனுமதி கேட்டுவர வேண்டும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ராணுவத் தளவாடத்தில் நடப்பது அதுதான். படகுக்கு ஒரு வருடம். பெரிய போர்க்கப்பலுக்குப் பத்து வருடத்துக்கு மேலும் ஆகலாம். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு 2009 பிப்ரவரியில் ஏரா வைத்தார்கள். 2013 ஆகஸ்டில் நீரில் இறக்கினார்கள். 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. செலவு சுமார் 20,000 கோடி. அந்தக் கப்பல் பதினான்கு மார்ச் மாதங்களைத் தாண்டி வந்திருக்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் "இந்த வருடத்துக்கு இவ்வளவு" என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே ஊகித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னும் பக்கத்தில் வருவோம். மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்டை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பாய். பாக் நீரிணையின் ஆழமில்லாத பகுதியில் சாதாரணக் கப்பல் தரை தட்டும். ஹோவர்கிராஃப்டோ காற்று மெத்தையில் மிதந்து மணல்மேல் ஏறியே போய்விடும். 2022 மார்ச்சில் இலங்கை நெருக்கடியில் தப்பி வந்து அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் குழந்தைகளோடு தவித்தவர்களை அந்த ஊர்திதான் போய் ஏற்றிவந்தது. கடலோரக் காவல்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. 2024 அக்டோபரில் ஆறு புதிய ஹோவர்கிராஃப்ட் கட்ட கோவாவிலுள்ள ஒரு தனியார் கப்பல் தளத்தோடு 387.44 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். செய்தியில் 387 கோடி என்று வரும். ஆனால் அந்த வருடக் கணக்கில் முன்பணம் அளவுக்குத்தான் ஏறும். மீதி முழுவதும் வரும் வருடங்களின் தலையில். இப்படி ஏற்கெனவே கையெழுத்தாகி, வரும் வருடங்களில் கொடுத்தே ஆகவேண்டிய பாக்கியைக் கடப்பாடு என்பார்கள். ராணுவ பட்ஜெட்டின் கனம் முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கனம் எவ்வளவு என்று பார்க்க 2018ஐ எடுத்துக்கொள். அந்த மார்ச்சில் ராணுவத் துணைத் தலைமைத் தளபதி சரத் சந்த் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் வெளிப்படையாகச் சொன்னார்: தரைப்படையின் நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி, ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்குக் கொடுக்க வேண்டியதோ 29,033 கோடி. பழைய பாக்கிக்கே போதாத பணம். புதிதாக என்ன வாங்குவது? ஒரு வருடம் பற்றாக்குறை, இன்னொரு வருடம் மீதி. சில நேரம் ஒரே வருடத்தில் ஒரு படைக்குப் பற்றாக்குறையும் இன்னொரு படைக்கு மீதியும். முழுத் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வருடத்துக்கு நடுவே ஒரு தலைப்பில் மிஞ்சியதை அதே மானியத்துக்குள் இன்னொரு தலைப்புக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. விமானம் தாமதமானால் அந்தப் பணம் கப்பலின் தவணைக்குப் போகும். மூலதனத்தில் மிஞ்சியதை எடுத்துச் சம்பளத்துக்கோ டீசலுக்கோ கொடுக்க மட்டும் முடியாது. அது நல்ல வேலி. அந்த வேலி இல்லாவிட்டால் எந்தக் கப்பலும் கட்டி முடியாது.

பணம் தங்கிப்போவதற்கான காரணத்தை யாரோ ஓர் அதிகாரியின் சோம்பலில் தேடுவது எளிது. பெரும்பாலும் அது பொருளோடு சம்பந்தப்பட்டது. தேஜஸ் மார்க் 1ஏ விமானம் 83 வாங்க 2021 பிப்ரவரியில் சுமார் 48,000 கோடிக்கு ஒப்பந்தம் ஆனது. 2024 மார்ச்சுக்குள் முதல் விமானம் கைக்கு வரவேண்டும். இன்ஜின் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். புதிய வரிசையின் முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். விமானம் வராமல் அதற்கான தவணையை எப்படிக் கொடுப்பது? கொடுக்காததுதான் சரி. ஒப்பந்தத்துக்கு முந்தைய பாதையோ இன்னும் நீளம். தேவை உண்டு என்ற ஒப்புதல், விலைப்புள்ளி கேட்பு, ஆவணச் சோதனை, களச் சோதனை, விலைப் பேச்சு, நிதி ஒப்புதல், பெரிய தொகையானால் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. களச் சோதனை என்றால் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட்ட வேண்டும், லடாக் குளிரிலும் ஓட்ட வேண்டும். ஒரு கோடையைத் தவறவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான். பிப்ரவரியில் கையெழுத்தாகும் என்று நினைத்த ஒப்பந்தம் மே மாதத்துக்குத் தள்ளினால் வேலைக்கு மூன்று மாதத் தாமதம்தான். கணக்கிலோ அது ஒரு முழு வருடத்தின் மீதியாகத் தெரியும்.

சரி, பருந்துக்கு வருவோம். 2009 மார்ச்சில் ஐஎன்எஸ் பருந்து என்ற பெயரோடு அது முறையான தளமானது. அதற்கு முன் சின்ன விமானப் பிரிவாக இருந்ததுதான். 2012ல் ஆளில்லா விமானங்களுக்கான 344ஆவது அணி அங்கே வந்தது. பெரிய விமானம் இறங்க நீளமான ஓடுபாதை வேண்டும், நீளமான ஓடுபாதைக்கு நிலம் வேண்டும். இங்கேதான் கப்பல் வாங்குவதற்கும் நிலத்தில் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. கப்பலுக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர். நிலத்துக்கு எத்தனை பட்டாவோ அத்தனை பேர். உச்சிப்புளிப் பக்கம் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பில் அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பங்கு இருக்கும். ஒருவர் சவூதியில், ஒருவர் சிங்கப்பூரில். பட்டா இன்னும் தாத்தா பெயரில். இழப்பீட்டைப் பிரித்துக் கொடுப்பதற்குள் வாரிசுச் சான்றிதழுக்கே மாதங்கள் போய்விடும். மரத்துக்கு ஒரு மதிப்பு, கிணற்றுக்கு ஒரு மதிப்பு. விலை போதாது என்று வழக்கும் போவார்கள். போகத்தான் செய்வார்கள், அது அவர்கள் சோறு. இதில் எந்த இடத்தில் தடை வந்தாலும் டெல்லி ஒதுக்கிய பணம் மார்ச்சில் நிற்கும்.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாது. நிலத்துக்கான தொகையை ராணுவம் மாவட்ட நிர்வாகத்திடம் கட்டிவிட்டால் ராணுவக் கணக்கில் அது செலவு. நிலத்துக்காரர் கைக்கு ஒரு ரூபாய் போயிருக்காது, ஒரு அடி நிலமும் தளத்தின் வேலிக்குள் வந்திருக்காது. ஆனாலும் "முழுவதும் செலவானது" என்று அறிக்கை சொல்லும். அதனால் செலவானது என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ச்சியடைவதும் தவறு. மீதியானது என்ற எண்ணை மட்டும் பார்த்துத் திட்டுவதும் தவறு.

மீதி என்ற பயம் என்ன செய்யும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கடலோர வேலைத்தளம். அலுவலகத்தின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். கட்டடத்தின் வரைபடத்துக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை, அஸ்திவாரத்துக்குக் கயிறுகூடப் போடவில்லை. ஆனால் அந்தத் தலைப்பில் பணம் இருந்தது, மார்ச் கடைசி வாரமும் வந்துவிட்டது. சிமெண்ட் வாங்கி பில் போட்டுவிட்டார்கள். நான் தணிக்கைக்கு அங்கே போனது நவம்பரில், நல்ல மழை. தகரக் கொட்டகையின் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் அடித்தது. சுவரோரம் கூரை வரை மூட்டைகள். ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், கல்லாக இருந்தது. ஸ்டோர் கீப்பர் கத்தியால் சாக்கைக் கிழித்துக் காட்டினார். சாக்கு கீழே விழுந்தது, சிமெண்ட் மூட்டை வடிவத்திலேயே நின்றது. ஏழு மாத உப்புக்காற்று. அடுத்த மூட்டையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். "விட்டிருந்தா லாப்ஸ் ஆகியிருக்கும் சார்" என்றார் அவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வருடக் கணக்கில் அந்தத் தலைப்பில் ஒரு ரூபாய்கூட மீதியில்லை. மேலே யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பணத்தைச் சரண்டர் செய்திருந்தால் கேட்டிருப்பார்கள், அடுத்த வருட ஒதுக்கீட்டையும் வெட்டியிருப்பார்கள். அந்தக் கொட்டகையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

விதி இதைத் தடுக்கத்தான் முயல்கிறது. பொது நிதி விதிகள் 2017ன் 62ஆவது விதி, மிஞ்சும் என்று தெரிந்த தொகையை வருடம் முடிவதற்கு முன்பே நிதி அமைச்சகத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. வருடக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிப்பதை நிதி ஒழுங்கை மீறிய செயல் என்றே அது சொல்கிறது. கடைசி மூன்று மாதத்துச் செலவு ஒதுக்கீட்டில் 33 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மார்ச் மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று நிதி அமைச்சகத்தின் வரம்பும் உண்டு. ஒரு மானியத்தில் 100 கோடி அல்லது அதற்கு மேல் மிஞ்சினால் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். விதிகளில் குறையில்லை. ஆனால் மிஞ்சினால் விளக்கம், மிஞ்சாவிட்டால் நிம்மதி என்று இருக்கும்வரை கொட்டகையில் சிமெண்ட் இறுகிக்கொண்டுதான் இருக்கும்.

இனி நீ கேட்ட தனி நிதி. உனக்கு முன்பே பலருக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. 2004 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் அன்றைய நிதி அமைச்சர் ஜஸ்வந்த் சிங், 25,000 கோடியில் காலாவதியாகாத பாதுகாப்பு நவீனமய நிதி ஒன்றை அறிவித்தார். சில மாதத்தில் ஆட்சி மாறியது, நிதி நடைமுறைக்கு வரவில்லை. அதன் பிறகு நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பத் திரும்பக் கேட்டது. நிதி அமைச்சகம் திரும்பத் திரும்பத் தயங்கியது. கடைசியில் என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரைக்கான தன் அறிக்கையில் தெளிவான திட்டம் ஒன்றைக் கொடுத்தது. பாதுகாப்புக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரு நவீனமய நிதி, ஐந்து வருடத்தில் மொத்தம் 2,38,354 கோடி, அதில் 1,53,354 கோடி தொகுப்பு நிதியிலிருந்து. மீதி ராணுவத் துறைப் பொதுத்துறை நிறுவனப் பங்குகளின் விற்பனையிலிருந்தும், ராணுவத்தின் உபரி நிலத்தைப் பணமாக்குவதிலிருந்தும் வரவேண்டும். அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது.

இதில் எனக்கு உடன்பாடு உண்டா? பாதி உண்டு. ஏன் பாதி என்று சொல்கிறேன்.

அந்தத் திட்டப்படி நிதி இருக்க வேண்டிய இடம் பொதுக் கணக்கு. வருங்கால வைப்பு நிதி, சிறுசேமிப்பு போன்ற, அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணமெல்லாம் பதியும் இடம் அது. தொகுப்பு நிதியிலிருந்து அங்கே மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்ற அனுமதி வேண்டும். மாற்றிய வருடத்தில் அது செலவாகப் பதிவாகும். அப்புறம் நிதியிலிருந்து எடுத்துக் கப்பலுக்குக் கொடுக்கும்போதும் செலவு தொகுப்பு நிதி வழியாகவே போகும், அதற்கும் வாக்கு வேண்டும். "தனி நிதி வந்துவிட்டால் ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றத்திடம் போக வேண்டியதில்லை" என்று சிலர் நினைப்பது அதனால் தவறு. இதைவிட முக்கியமானது ஒன்று. அந்த நிதிக்காகத் தனியாக எங்கேயும் ரொக்கம் பூட்டி வைப்பதில்லை. கணக்குப் புத்தகத்தில் இருப்பு காட்டும், ரொக்கம் அரசின் பொதுக் கையிருப்போடு கலந்து அன்றாடச் செலவுக்குப் போயிருக்கும். மூன்று வருடம் கழித்து 20,000 கோடியை எடுக்கப் போகும் நாளில் அரசு அந்த 20,000 கோடியை அன்றைய வரியிலிருந்தோ கடனிலிருந்தோதான் தேட வேண்டும். நம் வீட்டில் அடுப்படி டப்பாவில் எடுத்து வைப்பதோடு இதை ஒப்பிடக் கூடாது. டப்பாவில் நோட்டு இருக்கும். இங்கே இருப்பது, "உனக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று அரசு தனக்குத்தானே எழுதிக்கொண்ட சீட்டு.

அந்தச் சீட்டுக்கும் மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. திருத்திய மதிப்பீட்டுக்கு உட்காரும்போது, "நீங்கள் செலவழிக்கவில்லை, அதனால் வெட்டுகிறோம்" என்று சொல்வது கடினமாகும். மார்ச் பயம் குறையும். அந்த ஸ்டோர் கீப்பர் நிம்மதியாக வரைபடத்துக்காகக் காத்திருப்பார். ஆனால் நிதி என்று பெயர் வைத்ததாலேயே பணம் வந்துவிடாது. ரயில்வேயைப் பார். 2017-18ல் ரயில் பாதுகாப்புக்கென்று ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ் என்ற நிதியைத் தொடங்கினார்கள். ஐந்து வருடத்தில் ஒரு லட்சம் கோடி, வருடத்துக்கு அரசிடமிருந்து 15,000 கோடி, ரயில்வேயின் சொந்த வருமானத்திலிருந்து 5,000 கோடி. நான்கு வருடத்தில் ரயில்வே தன் பங்காகப் போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி குறைந்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் கண்டுபிடித்தார். போட்ட பணத்திலும் ஒரு பகுதி கால் பிடித்துவிடும் கருவி, பாத்திரம் பண்டம் என்று போயிருந்தது. பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய நிதி! ராணுவ நிதிக்கும் பங்கு விற்பனையையும் நில விற்பனையையும் நம்பினால் இதே கதி வரலாம். பங்கை எப்போது விற்பார்கள், என்ன விலைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? கப்பல் தளத்துக்கான தவணைத் தேதி மட்டும் ஒப்பந்தத்தில் அச்சாகி நிற்கும்.

மற்ற நாடுகள் வேறு வழியில் போயிருக்கின்றன. அமெரிக்காவில் நாடாளுமன்றம் கொடுக்கும் அனுமதிக்குப் பொருளைப் பொறுத்து ஆயுள் உண்டு. அன்றாடச் செலவுக்கு ஒரு வருடம், ஆராய்ச்சிக்கு இரண்டு, தளவாடக் கொள்முதலுக்கு மூன்று, கப்பல் கட்டுவதற்கும் ராணுவக் கட்டுமானத்துக்கும் ஐந்து. அந்தக் காலத்துக்குள் ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும். காலம் முடிந்தால் மேலும் ஐந்து வருடம் பழைய பில்லைத் தீர்க்க மட்டும் கணக்கு திறந்திருக்கும், புதிய ஒப்பந்தத்துக்கு அதைத் தொட முடியாது. அதற்குப் பிறகு முற்றாக ரத்து. பிரான்ஸில் பட்ஜெட்டிலேயே இரண்டு பத்திகள் உண்டு. ஒன்றில் இந்த வருடம் எவ்வளவுக்கு ஒப்பந்தம் போடலாம் என்ற அனுமதி, மற்றதில் இந்த வருடம் எவ்வளவு ரொக்கம் கொடுக்கலாம் என்ற அனுமதி.

அந்த இரண்டு பத்திகள்தான் நமக்கு வேண்டும் என்பது என் கருத்து. நம் நாடாளுமன்றம் இந்த வருட ரொக்கத்துக்கு மட்டும் வாக்களிக்கிறது. 2,09,050 கோடிக்குக் கையெழுத்தான ஒப்பந்தங்கள் அடுத்த எட்டு, பத்து வருடத்து பட்ஜெட்டைக் கட்டிப்போடுகின்றன. அந்தப் பத்து வருடக் கணக்கு எந்த வருடம் எவ்வளவு என்று வாக்கெடுப்புக்கு வருவதில்லை. அது வந்தால், தேஜஸ் இன்ஜின் தாமதமானபோது, "இந்தத் தவணை அடுத்த வருடத்துக்கு நகர்ந்தது" என்று ஒரு வரியில் தெரிந்துவிடும். யாரும் திரும்பிப் போனது என்று எழுதமாட்டார்கள். கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு உரிய தவணை மட்டும், மூன்று வருடம் போல ஒரு வரம்போடு, அடுத்த வருடத்துக்குத் தானாக நகர அனுமதி கொடுக்கலாம். ஒப்பந்தமே ஆகாத திட்டத்தின் மீதி இப்போதுபோல லாப்ஸ் ஆகட்டும். அதையும் சேர்த்து நகர்த்தினால், தயாராகாத திட்டங்கள் பணத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, தயாரான திட்டத்துக்கு வழிவிடாமல் இருக்கும். நிலம் கைக்கு வராத கட்டுமானமும் இதில் அடங்கும். பருந்து என் ஊர்த் தளம் என்பதற்காக அதற்கு மட்டும் விலக்கு கேட்கமாட்டேன். தணிக்கையும் நாடாளுமன்ற வாக்கும் அப்படியே இருக்க வேண்டும். ரகசியம் என்ற பெயரில் அதைத் தளர்த்தச் சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. குண்டின் எண்ணிக்கை ரகசியமாக இருக்கலாம், சிமெண்ட் மூட்டையின் எண்ணிக்கை ரகசியமாக வேண்டியதில்லை.

பணம் வந்தும் வேலை தாமதமாகும், தாமதமாகியும் ஒழுங்காக முடியும் என்பதற்குப் பாம்பன் புதுப் பாலமே கண்ணெதிரில் நிற்கிறது. ராணுவத்துடையது இல்லை, ரயில்வேயுடையது. 2019 மார்ச்சில் அடிக்கல், 2025 ஏப்ரல் 6ல் திறப்பு, செலவு 550 கோடிக்கு மேல். நடுவில் கொரோனா வந்தது, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வேலை நின்றது, தூக்குப்பாலத்தை இடத்துக்கு நகர்த்திவரவே பெரும்பாடு பட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தத் திட்டத்துக்குப் புதிதாக ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள், அதனால் அறுந்துபோகவில்லை. நீயும் நானும் ரயில் இல்லாமல் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்த அந்த இரண்டு வருடத்தில் ஒதுக்கீடு மட்டும் அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

உனக்கு இதில் அக்கறை இருப்பதால் ஒரு வேலை சொல்கிறேன். பட்ஜெட் ஆவணத்தில் "பாதுகாப்புப் பணிகளுக்கான மூலதனச் செலவு" என்ற மானியத்தை எடுத்துக்கொள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் ஐந்து வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுது. உண்மைச் செலவு ஒரு வருடம் பின்தங்கித்தான் வரும், அதனால் அவசரப்படாதே. அதில் நிலம், கட்டுமானம், விமானம், கப்பல் தனித்தனித் தலைப்பாக இருக்கும். எதில் தொடர்ந்து மிஞ்சுகிறது என்று நீயே பார்ப்பாய். அப்புறம் ஓடுபாதைக்கு, கடற்படையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பாதுகாப்பு என்று மறுக்கக்கூடும். மாவட்ட நிர்வாகத்தின் நில எடுப்புப் பிரிவிடம் கேள். தளத்துக்கென்று எத்தனை ஏக்கருக்கு அறிவிக்கை வந்தது, ராணுவத் தரப்பிலிருந்து எவ்வளவு பணம் எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது, அதில் எவ்வளவு நில உரிமையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, எத்தனை ஏக்கர் ஒப்படைக்கப்பட்டது. நான்கே கேள்விதான், தேதியோடு கேள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வந்ததும் தாளை எடுத்துக்கொண்டு உச்சிப்புளிக்கு வா. இரண்டு தேதிகளுக்கு நடுவில் எத்தனை மார்ச் போயிருக்கிறது என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.